பின் நம்பர் கேட்டால் பணம் போகிறது என்று அர்த்தம்: இணைய மோசடிகளில் சிக்காமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சின்ன ஊர் ஒன்றில் ஜெராக்ஸ், ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் பில் கட்டுவது, பட்டா எடுத்துக் கொடுப்பது, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, இதுதான் பிழைப்பு. நான்கைந்து வருடமாக இன்னொரு வேலையும் தானாக வந்து சேர்ந்துவிட்டது. "தம்பி, இந்த மெசேஜ் நிஜமா பாரு" என்று போனை நீட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்வது. அதற்குக் காசு வாங்குவதில்லை.

ஒருநாள் மத்தியானம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வேர்க்க விறுவிறுக்கக் கடைக்குள் வந்தார். "இன்னிக்கு ராத்திரி ஒன்பதரைக்குக் கரண்டைப் பிடுங்கிருவாங்களாம் தம்பி. இந்த ஆபீசருக்கு உடனே பேசணுமாம். லைனே கிடைக்கல." போனை வாங்கிப் பார்த்தேன். 'டியர் கன்ஸ்யூமர்' என்று ஆரம்பம். உங்கள் போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, அதனால் இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும், மின்சார அதிகாரியைக் கீழுள்ள எண்ணில் அழைக்கவும். கீழே ஒரு சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்.

நம் தமிழ்நாட்டில் ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 'போன மாத பில்' என்று ஒன்று கிடையவே கிடையாது. மின் இணைப்பு எண்ணும் அந்த மெசேஜில் இல்லை. இதையெல்லாம் விடுங்கள். அவருடைய பில்லைப் பன்னிரண்டு நாள் முன்னால் கட்டிக் கொடுத்ததே நான்தான். ரசீது அவர் கொண்டுவந்த மஞ்சள் பைக்குள்ளேயே இருந்தது. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவருக்கு அந்தப் பைக்குள் கையை விடத் தோன்றவில்லை. "லைன் கிடைக்காததுதான் சார் உங்க அதிர்ஷ்டம்" என்றேன்.

அவர் விவரம் தெரியாதவர் இல்லை. பயந்துவிட்டார், அவ்வளவுதான். பயமோ ஆசையோ வந்துவிட்டால் படிப்பு கொஞ்ச நேரம் வெளியே போய்விடுகிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில் வேலையை முடிப்பதுதான் மோசடிக்காரனின் தொழில்.

பத்திரிகைகளில் 'இப்படியும் ஒரு நூதன மோசடி' என்று வாரம் ஒன்று வருகிறது. கரண்ட் பில், கூரியரில் போதைப்பொருள், கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம், பென்ஷன் உயிர்ச்சான்று. எல்லாக் கதையையும் மனப்பாடம் செய்ய முடியாது, செய்தாலும் அடுத்த வாரம் புதுக்கதை வந்துவிடும். ஆனால் கதை எதுவானாலும் கடைசியில் உங்கள் விரலை வைத்துத்தான் காரியம் நடக்க வேண்டும். பின் போடு, ஓடிபி சொல், இதை இன்ஸ்டால் பண்ணு, திரையைக் காட்டு, ஸ்கேன் பண்ணு என்று உங்களையே செய்ய வைப்பான். அதனால் எதிராளி என்ன சொல்கிறான் என்பதைவிட, என் விரலை என்ன செய்யச் சொல்கிறான் என்று பார்ப்பது சுலபம். கீழே உள்ள படிகளெல்லாம் அதை வைத்துத்தான்.

முதல் படி: போனை வை, யார் என்று பார்

அவசரம் என்று யார் சொன்னாலும் முதல் வேலை போனைத் துண்டிப்பது. மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். உண்மையான வங்கி ஊழியர் கோபித்துக்கொள்ள மாட்டார். மோசடிக்காரன்தான் "கட் பண்ணாதீங்க, கட் பண்ணினா அக்கவுண்ட் பிளாக் ஆயிடும்" என்பான்.

அப்புறம் மெசேஜ் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வங்கி, மின்வாரியம், அரசுத் துறை அனுப்பும் எஸ்எம்எஸ் மொபைல் எண்ணிலிருந்து வராது, எழுத்துகளால் ஆன ஒரு பெயரிலிருந்து வரும். 2025 முதல் அந்தப் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு இன்னொரு ஆங்கில எழுத்தும் வருகிறது. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. பத்து இலக்க எண்ணிலிருந்து 'உங்கள் கணக்கில் 10,000 வரவு' என்று வந்தால் அது வங்கி அனுப்பியதில்லை, எவனோ உட்கார்ந்து டைப் அடித்தது.

அழைப்புகளிலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. வாடிக்கையாளர்களைச் சேவை விஷயமாக அழைக்கும்போது 1600 என்று தொடங்கும் எண்களைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொன்னது. விளம்பர அழைப்புக்கு 140. இருந்தாலும் எண்ணை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். துண்டித்துவிட்டு, ஏடிஎம் கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி முதலில் வருவதை அழைக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. அதை இன்றே விட்டுவிடுங்கள். போலி எண்களை அங்கே போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இதில் நீங்களே போய்ச் சிக்குகிறீர்கள், அதனால் சந்தேகமும் வராது. வங்கிகளின் இணையதள முகவரி இப்போது 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிறது. ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு மட்டுமே ஒதுக்கிய முகவரி அது. 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்று கெடு வைத்திருந்தார்கள்.

"என் ஆதார் நம்பரையே சொன்னானே, எப்படிப் போலியா இருப்பான்?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நாம் ஆதார் ஜெராக்ஸை எத்தனை இடத்தில் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். லாட்ஜ், சிம் கடை, கடன் ஏஜெண்ட். என் கடையிலேயே ஆதார் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு ஒரிஜினலை மெஷினுக்குள் மறந்துவிட்டுப் போகிறவர்கள் மாதத்துக்கு நாலு பேர். உங்கள் பெயரும் ஆதார் எண்ணும் ஒருவனுக்குத் தெரிந்திருப்பது ஒன்றையும் நிரூபிக்காது.

இரண்டாம் படி: விரலைக் கவனி

பின் நம்பரிலிருந்து தொடங்குவோம். யுபிஐயில் பின் போடுவது பணம் அனுப்ப, அல்லது இருப்புப் பார்க்க. பணம் வாங்க பின் வேண்டாம், ஸ்கேன் செய்யவும் வேண்டாம். இந்த ஒன்று மட்டும் பதிந்தால் பாதி மோசடி உங்களிடம் செல்லாது.

எப்படி ஏமாற்றுகிறான் என்று பக்கத்திலிருந்து பார்த்தேன். பழைய மரக் கட்டிலை விற்க ஓர் அக்கா இணையத்தில் படம் போட்டிருந்தார், விலை 4,000. பத்து நிமிஷத்தில் அழைப்பு. பேரமே இல்லை. "நான் ராணுவத்தில் இருக்கேன், இங்க மாற்றலாகி வந்திருக்கேன், வண்டி அனுப்பி எடுத்துக்கறேன், பணத்தை இப்பவே போட்டுடறேன்." ராணுவ அடையாள அட்டை படமும் வந்தது. பிறகு ஒரு கியூஆர் கோடு. "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் உங்க கணக்குக்கு வந்துரும்." அக்கா என் கடைக்கு முன்னால் நின்றுதான் ஸ்கேன் செய்தார். திரையில் 4,000 என்று இருந்தது, அவர் கண் அதில்தான். அதற்கு மேலே 'பே', அதாவது 'பணம் செலுத்து' என்ற சொல்லும் இன்னொருவர் பெயரும் இருந்தன. "அக்கா, மேல என்ன போட்டிருக்கு படிங்க" என்றேன். படித்தார். கை நின்றது. போனில் அவன் இன்னும் "போடுங்க மேடம், போடுங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

முன்பெல்லாம் ஒருவர் இன்னொருவரிடம் 'பணம் கேட்கும் கோரிக்கை' அனுப்புகிற வசதியை வைத்து இதே வேலையைச் செய்தார்கள். யுபிஐயை நடத்தும் தேசிய பணப் பரிவர்த்தனைக் கழகம் தனி நபர்களுக்கிடையே அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. அதனால் இப்போது கியூஆர் கோடும் லிங்க்கும்தான் ஆயுதம். நமக்குச் சாதகமாக ஒரு மாற்றமும் வந்திருக்கிறது. பணம் அனுப்பும் முன் எதிராளி வங்கியில் பதிந்திருக்கும் பெயரையே யுபிஐ ஆப் காட்ட வேண்டும் என்று 2025 ஜூன் 30 முதல் விதி. வங்கி அதிகாரி என்று சொல்கிறவனுக்குப் பணம் அனுப்பும்போது ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான்.

"தப்பா உங்களுக்குப் பணம் அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க" என்பது இதன் தம்பி. எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் வங்கி ஆப்பில் இருப்பைப் பாருங்கள். பணம் வந்திருக்காது. நிஜமாகவே வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம், "உங்க வங்கியில் புகார் கொடுங்க, அவங்க மூலமா வரட்டும்" என்று சொல்லிவிட்டு உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். அது வேறு யாரிடமோ திருடிய பணமாக இருக்கலாம்.

அடுத்தது ஏபிகே. இப்போது நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். பெயர் 'கல்யாணப் பத்திரிகை', 'டிராஃபிக் சலான்', 'விவசாயி உதவித்தொகை', 'வங்கி கேஒய்சி', இப்படி ஏதாவது இருக்கும். பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ஏ, பி, கே என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். அது பத்திரிகையோ சலானோ இல்லை, ஓர் ஆப். கல்யாணப் பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், வீடியோவாக வரும். ஆப்பாக எந்த மாமாவும் பத்திரிகை வைப்பதில்லை. அதை நிறுவினால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் ஓடிபி உங்களைத் தேடி வரும் முன்பே அவன் கைக்குப் போய்விடும். நீங்கள் யாரிடமும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள், பணம் மட்டும் போயிருக்கும். அதோடு நிற்காமல் உங்கள் வாட்ஸ்அப்பிலிருந்து உங்கள் சொந்தக்காரர்களுக்கும் அதே கோப்பு போகும். அதனால்தான் 'தெரிந்தவர் அனுப்பியது' என்பது இங்கே பாதுகாப்பு ஆகாது.

தெரியாமல் நிறுவிவிட்டீர்களா? உடனே ஏரோப்ளேன் மோடு போடுங்கள், சிம்மைக் கழற்றுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அதன் பிறகுதான் அந்த ஆப்பை நீக்குவதும், போட்டோக்களைக் காப்பாற்றிக்கொண்டு போனை முழுதாக ரீசெட் செய்வதும். ஆப்பை நீக்குவதோடு நிறுத்தியவர்களுக்கு மறுபடி பணம் போனதைப் பார்த்திருக்கிறேன்.

திரைப் பகிர்வு ஆப்களும் இதே ரகம். 'எனிடெஸ்க்' போன்றவை நல்ல காரியத்துக்கு உருவானவை, ஆனால் அந்த ஆப் காட்டும் எண்ணை மோசடிக்காரனிடம் சொல்லிவிட்டால் உங்கள் போன் அவன் கண்முன் இருக்கும். ரிசர்வ் வங்கி 2019லேயே இதைப் பற்றி எச்சரித்தது. இப்போது வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே திரையைக் காட்டும் வசதி வந்துவிட்டதால் தனி ஆப் கூட வேண்டியதில்லை. "ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்க, நான் சரி பண்ணித் தர்றேன்" என்று முன்பின் தெரியாதவன் சொன்னால் பேச்சு முடிந்தது.

ஓடிபியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் நீட்டவில்லை. ஒன்று மட்டும். வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண்ணும் ஓடிபிதான். "தெரியாம உன் நம்பருக்கு என் கோடு வந்துருச்சு, அனுப்பு" என்று நண்பர் பெயரில் கேட்டால், நண்பரின் வாட்ஸ்அப் ஏற்கெனவே பறிபோய்விட்டது, அடுத்தது உங்களுடையது. ஸ்டார், ஹேஷ் போட்டு ஏதோ எண்ணை அழுத்தச் சொன்னாலும் அழுத்தாதீர்கள். உங்கள் அழைப்புகளைத் தன் எண்ணுக்குத் திருப்பி, ஓடிபியைக் குரலில் கேட்டுக்கொள்வதற்காக அது.

மூன்றாம் படி: 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று யாராவது சொன்னால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இதில் போவது ஆயிரமோ பத்தாயிரமோ அல்ல, வாழ்நாள் சேமிப்பு.

ஒரு பதிவுக் குரலில் தொடங்கும். 'உங்கள் மொபைல் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரத்துக்கு 9ஐ அழுத்தவும்.' இல்லையென்றால் கூரியர் கம்பெனி பேசுவதாக, உங்கள் பெயரில் பார்சல், உள்ளே போதைப்பொருள். நீங்கள் பதறியதும் 'மும்பை போலீசுக்கு' இணைப்பைக் கொடுப்பார்கள். அங்கிருந்து வாட்ஸ்அப் வீடியோ. காக்கிச் சட்டை, பின்னால் சின்னம், மேசையில் கொடி. உங்கள் ஆதாரை வைத்துத் திறந்த கணக்கில் கோடிக்கணக்கில் கறுப்புப் பணம் என்பார்கள். முத்திரை போட்ட காகிதங்கள் வந்துகொண்டே இருக்கும். இது தேசிய ரகசியம், மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது, கேமராவை அணைக்கக் கூடாது, நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள். கடைசியில், உங்கள் பணம் சுத்தமானதா என்று ரிசர்வ் வங்கி சரிபார்க்க வேண்டும், எஃப்டியை உடைத்து இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள், சோதனை முடிந்ததும் திரும்பி வந்துவிடும்.

எழுத்தில் படிக்கும்போது யார் இதை நம்புவார்கள் என்று தோன்றும். 2024 ஆகஸ்டில் லூதியானாவில் 82 வயதுப் பெரிய தொழிலதிபர் ஒருவர் இப்படி 7 கோடி ரூபாயை இழந்தார். அவருக்காக உச்ச நீதிமன்ற விசாரணை மாதிரியே வீடியோவில் ஒரு நாடகம் போட்டார்கள், தலைமை நீதிபதி வேஷத்தில் ஆள் உட்பட. சீக்கிரம் புகார் கொடுத்ததால் 5 கோடிக்கு மேல் மீட்க முடிந்தது. ஒரு பெரிய நிறுவனத்தையே நடத்தியவருக்கு இந்த நிலை.

சட்டம் என்ன சொல்கிறது? டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. கைது என்றால் போலீஸ் நேரில் வர வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்பதற்கு நேர் எதிரான நடைமுறை அது. எந்த விசாரணை அமைப்பும் சரிபார்க்கப் பணம் அனுப்பச் சொல்லாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே தன் வானொலி உரையில் இதைப் பற்றிப் பேசி எச்சரித்தார். அப்படியும் நிற்கவில்லை, 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்குகளை விசாரிக்கும்படி சிபிஐக்கு உத்தரவிடும் அளவுக்குப் போனது.

இப்படி அழைப்பு வந்தால் செய்ய வேண்டியது ஒன்றே. துண்டியுங்கள், பக்கத்து அறையிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த மோசடி தனிமையில்தான் உயிரோடு இருக்கும். இன்னொருவர் காதில் விழுந்தால் அவருக்கு உடனே புரிந்துவிடும், அவர் பயத்தில் இல்லை அல்லவா.

நான்காம் படி: சும்மா வரும் பணத்தைச் சந்தேகி

பயத்துக்குப் பெரியவர்கள் என்றால் ஆசைக்கு இளைஞர்கள். வீட்டிலிருந்தே வேலை, யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் போதும், ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் போதும். முதலில் 150 ரூபாய் நிஜமாகவே கணக்கில் வந்து விழும். அங்கேதான் நம்பிக்கை பிறக்கிறது. பிறகு டெலிகிராம் குழு, 'பிரீபெய்ட் டாஸ்க்', 1,000 போட்டால் 1,300. அதுவும் வரும். பின்னர் 20,000. அப்போது திரையில் உங்கள் இருப்பு கூடிக்கொண்டே போகும், எடுக்கப் போனால் வரி கட்டு என்பான், அதைக் கட்டினால் இன்னொரு கட்டணம். வேலை கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை.

பங்குச் சந்தைக் குழுக்களும் இதே இலக்கணம்தான். குழுவில் இருக்கும் இருநூறு பேரில் நீங்கள் ஒருவர்தான் நிஜ ஆள், மற்றவர்கள் லாபக் கணக்கு காட்டுவதற்கென்றே வைத்திருப்பவர்கள். பங்குத் தரகர்களுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் பணம் அனுப்ப, 'வேலிட்' என்ற சொல் வரும் தனி யுபிஐ முகவரியை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2025 அக்டோபரில் கொண்டுவந்தது. அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் சின்னம் தெரியும். 'செபி செக்' என்ற பக்கத்தில் கணக்கு எண்ணையும் சரிபார்க்கலாம். இதெல்லாம் செய்ய நேரமில்லை என்கிறவர் வாட்ஸ்அப் குழுவை நம்பி முதலீடு செய்யாமல் இருந்தாலே போதும்.

அழைக்கிற குரலின் பின்னாலும் ஒரு கதை இருக்கலாம். 'தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம்' என்று சுற்றுலா விசாவில் கூட்டிப்போய், எல்லையைத் தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் அடைத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, மோசடி வேலை செய்யச் சொல்லி அடித்த கதைகள் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கே நடந்தவை. 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழக இளைஞர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். கம்போடியா, லாவோசிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. வெளிநாட்டு வேலை என்றால் ஏஜெண்ட் வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பதிந்தவரா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்று சொல்கிறவரைத் திரும்பியும் பார்க்க வேண்டாம்.

தெரியாத எண்ணிலிருந்து ராத்திரியில் வீடியோ கால் வந்தால் எடுக்காதீர்கள். எடுத்து, ஆபாசமாகத் தோன்றுகிற வீடியோவைப் பதிந்து மிரட்டினால், ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். ஒருமுறை கொடுத்தவரை விடவே மாட்டார்கள். வெட்கப்படாமல் புகார் கொடுங்கள்.

ஐந்தாம் படி: ஒரு சாயங்காலம் ஒதுக்கி இதைச் செய்துவிடுங்கள்

நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இரண்டு கணக்கு. சம்பளமும் சேமிப்பும் இருக்கும் கணக்கை ஜிபே, போன்பே எதிலும் இணைக்காதீர்கள். யுபிஐக்கு வேறொரு சின்னக் கணக்கு, அதில் அந்த மாசச் செலவுக்கு வேண்டிய பணம் மட்டும். எவ்வளவு கெட்டிக்காரன் ஏமாற்றினாலும் போவது அந்தச் சின்னப் பணம்தான். மற்ற எல்லா ஏற்பாட்டையும் சேர்த்து ஒரு தட்டில் வைத்தாலும் இதற்கு ஈடாகாது என்பேன்.

மீதி வேலைகள்: வாட்ஸ்அப்பிலும் ஜிமெயிலிலும் இரட்டைச் சரிபார்ப்பை ('டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்') போடுங்கள். போன் செட்டிங்கில் 'தெரியாத ஆப்களை நிறுவுதல்' என்பது வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் அணைந்திருக்க வேண்டும். கால் ஃபார்வர்டிங்கில் தெரியாத எண் ஏதும் இருக்கிறதா பாருங்கள். ஏடிஎம் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தேவையில்லை என்றால் வங்கி ஆப்பில் நிறுத்திவிடலாம். ஆதார் கைரேகையை ஆதார் ஆப்பில் பூட்டி வைக்கலாம், ரேஷன் கடையிலோ வேறெங்கோ கைரேகை வைக்கும் அன்று திறந்துகொள்ளலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டும். எங்கள் தெருவில் ஒருவர் பார்த்தபோது ஏழு இருந்தது, அவர் வைத்திருப்பது இரண்டு. மற்றவற்றை 'என்னுடையது இல்லை' என்று அங்கேயே புகார் செய்தார். சந்தேக அழைப்புகளைத் தெரிவிக்க அதே தளத்தில் 'சக்‌ஷு' என்ற பகுதி இருக்கிறது.

இன்னொன்று, குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். குரலை அப்படியே நகல் எடுத்து "அப்பா, ஆக்சிடெண்ட் ஆயிருச்சு, பணம் அனுப்புங்க" என்று பேசவைக்க இப்போது முடிகிறது. அந்தச் சொல்லைக் கேட்டால் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அது ஒரு பழைய நாயின் பெயர்.

ஆறாம் படி: பணம் போய்விட்டால்

அழுவதற்கும் திட்டுவதற்கும் பிறகு நேரம் இருக்கிறது. போன பணம் ஒரே இடத்தில் உட்காராது. நிமிஷங்களில் நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம்மில் எடுக்கப்பட்டோ கிரிப்டோவாக மாறியோ காணாமல் போகும். வழியில் ஏதாவது ஒரு கணக்கில் இருக்கும்போதே பிடித்து நிறுத்த வேண்டும். அதனால் இந்த வரிசையில்:

1. 1930க்கு அழையுங்கள். நாடு முழுவதற்கும் சைபர் நிதி மோசடிக்கான உதவி எண் இது. உங்கள் வங்கி, கணக்கு எண், போன தொகை, நேரம், யுபிஐயாக இருந்தால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பதிந்ததும் பணம் போன வங்கிக்குத் தகவல் போய், மிச்சம் இருக்கும் தொகை நிறுத்திவைக்கப்படும்.

2. லைன் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்காமல் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதியுங்கள். லைன் கிடைத்திருந்தாலும் முழுப் புகாரை அங்கே பதிந்து, ஒப்புகை எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

3. வங்கியை அழைத்துக் கணக்கையும் கார்டையும் முடக்கச் சொல்லுங்கள். போனில் சொன்னதோடு நிற்காமல் மெயிலோ கடிதமோ கொடுத்து, புகார் எண் வாங்குங்கள்.

4. சாட், அழைப்புப் பட்டியல், எஸ்எம்எஸ் எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வெட்கத்தில் சாட்டை அழித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம், அதுதான் ஆதாரம்.

மூன்றாவதை ஏன் எழுத்தில் கேட்கிறேன் என்றால், ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதி ஒன்று உண்டு. உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியார் ஒருவரால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் உங்களுக்குப் பொறுப்பே இல்லை. நான்கிலிருந்து ஏழு நாளுக்குள் என்றால் ஒரு வரம்புவரை உங்கள் பொறுப்பு. பின்னோ ஓடிபியோ நீங்களே கொடுத்திருந்தால் தெரிவிக்கும்வரை போனது உங்கள் நஷ்டம், தெரிவித்த பிறகு போவது வங்கியின் நஷ்டம். எத்தனை மணிக்குத் தெரிவித்தீர்கள் என்பதற்குச் சாட்சி வேண்டாமா? முப்பது நாளில் வங்கி பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் திருப்தி இல்லை என்றால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448.

தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு மாவட்டம் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. "இது எங்க லிமிட் இல்ல" என்று எந்த நிலையத்திலாவது சொன்னால், எல்லை எதுவானாலும் புகாரைப் பதிந்து அனுப்ப வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருப்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

புகார் கொடுத்த சில நாளில் இன்னொரு அழைப்பு வரும். "நாங்க சைபர் செல்லில் இருந்து பேசறோம், உங்க பணம் கிடைச்சிருச்சு, ரிலீஸ் பண்ண 5,000 கட்டணும்." முதல் முறை ஏமாந்தவர்களின் பட்டியலை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு அழைப்பவர்கள் இவர்கள். பணம் திரும்ப வருவது வங்கி மூலமாகத்தான். அதற்கு முன்கட்டணம் கிடையாது.

கல்லூரிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. "உன் பேர்ல அக்கவுண்ட் திறந்து ஏடிஎம் கார்டும் சிம்மும் குடு, மாசம் இவ்வளவு தர்றோம்" என்று கேட்கிறார்கள். மேலே சொன்ன பணமெல்லாம் பிரிந்து போகிற கணக்குகள் அவைதான். எங்கள் ஊரில் ஒரு பையன் கொஞ்சப் பணத்துக்கு ஆசைப்பட்டு அப்படிக் கொடுத்தான். மூன்று மாதம் கழித்து வேற்று மாநிலப் போலீஸ் தேடி வந்தது. கணக்கு முடங்கி, அவன் அப்பாதான் வக்கீலுக்கு அலைகிறார்.

கணக்கு வாத்தியார் இப்போது எந்த மெசேஜ் வந்தாலும் நேரே கடைக்கு வந்துவிடுகிறார். போன வாரம் ஒன்றைக் கொண்டுவந்து, "இதுவும் திருட்டுப் பய வேலைதானே தம்பி?" என்று கேட்டார். பார்த்தேன். மின் இணைப்பு எண் சரியாக இருந்தது, கோடு போட்டு 'ஜி' என்று முடிந்தது. கரண்ட் பில், 1,140 ரூபாய். "இது நிஜம் சார்" என்றேன். மஞ்சள் பைக்குள் கையை விட்டுப் பணத்தை எடுத்து எண்ணினார்.